தாப்பா இறக்கம்

நண்பா,

இன்று காலை ஃபேரர் பார்க்கில் சிக்னலுக்காக நின்றுகொண்டிருந்தேன். சாப்பாட்டுப் பையை முதுகில் மாட்டிக்கொண்டு ஒரு பையன் சைக்கிளில் வேகமாக வந்தான். திரும்புகிற லாரியைக் கடைசி நேரத்தில் பார்த்து இரண்டு பிரேக்கையும் பிடித்தான். அவனுக்கு ஒன்றும் ஆகவில்லை. லாரிக்காரனைப் பார்த்து ஏதோ முணுமுணுத்துவிட்டுப் போய்விட்டான். ஆனால் தேய்ந்த ரப்பரின் வாடை அங்கேயே நின்றது. பச்சை விளக்கு இரண்டு முறை வந்து போயிற்று. நான் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு அதே இடத்தில் நின்றேன். பக்கத்தில் நின்ற ஒரு பெண் அங்கிள் ஓகேவா என்று கேட்டாள். தலையை ஆட்டினேன்.

நீ போய் நான்கு மாதம் ஆகிறது. உன் காரியத்துக்கு வந்தவர்கள் எல்லாரும் நீ எவ்வளவு தைரியசாலி என்றுதான் பேசினார்கள். நான் ஒரு மூலையில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன். நம் இருவருக்கும் இடையில் தைரியத்தைவிடப் பயம்தான் அதிகம் இருந்தது என்பது உன் மனைவி சரோஜாவுக்கு மட்டும் தெரியும். அவளும் வாயைத் திறக்கவில்லை. அதனால்தான் இதை உனக்கே எழுதுகிறேன்.

நாம் சந்தித்தபோது இருவருக்கும் முப்பதை ஒட்டிய வயது. ஜூரோங்கில் கப்பல் பழுதுபார்க்கும் துறையில் நீ கிரேன் ஓட்டினாய். நான் கீழே நின்று இரும்புத் தகடுகளுக்குக் கொக்கி மாட்டி, தூக்கு, நிறுத்து, இடப்பக்கம் போ என்று உனக்குக் கையால் சைகை காட்டுகிறவன். நாளெல்லாம் டன் கணக்கில் இரும்பு என் தலைக்கு மேலே உன் கையில் தொங்கும். ஒருநாளும் அண்ணாந்து பார்த்துப் பயந்ததில்லை. பூன் லேயில் ஒரே கட்டடத்தில் நீ நான்காவது மாடியிலும் நான் ஏழாவது மாடியிலும் குடியிருந்தோம். நீ முருகனைக் கும்பிட்டாய், நான் மாதா கோயில் பூசைக்குப் போனேன். மற்றபடி நம் வாழ்க்கை ஒன்றுபோலத்தான் இருந்தது.

சைக்கிள் பைத்தியம் உன்னால் வந்தது. கிரேன் அறைக்குள் நீ ஒரு பழைய காலண்டர் படத்தை ஒட்டி வைத்திருந்தாய். பச்சை மலை ஒன்றைச் சுற்றிச் சுற்றி ஏறும் ஒரு சாலை. எந்த நாடு என்றுகூடப் போட்டிருக்கவில்லை. "நானும் உசரத்துலதான் உக்காந்திருக்கேன். ஆனா ஏறி வந்த உசரம் இல்ல, ஏணி போட்ட உசரம்," என்று ஒருநாள் சொன்னாய். அடுத்த மாதமே பத்து கியர் வைத்த பழைய சைக்கிள்கள் இரண்டைத் தேடிப் பிடித்துவிட்டாய்.

சிங்கப்பூரில் மலைக்கு எங்கே போவது? ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் மவுண்ட் ஃபேபருக்குப் போவோம். அந்தச் சின்னக் குன்றில் ஏறி இறங்கி, மறுபடி ஏறி இறங்கி, பதினைந்து தடவை சுற்றுவோம். காலை நடைக்கு வந்த சீனப் பெரியவர்கள் நம்மை விநோதமாகப் பார்ப்பார்கள். பிறகு தேக்கா சந்தைக்கு வந்து தோசை. அந்தக் கடையில் நீ முக்காலியில் இடித்துக்கொள்ளாத நாள் கிடையாது. கோப்பி டம்ளரை முழங்கையால் தட்டிவிடுவாய். கடைக்காரர் உனக்கு எப்போதும் மூலை மேசையைத்தான் காட்டுவார். நான் சிரித்திருக்கிறேன். இப்போது நினைத்தால் சிரித்ததே நெஞ்சைக் குத்துகிறது.

சீனப் பெருநாளுக்குத் துறை மூடியிருக்கும் நாட்கள்தான் நமக்கு. எழுபத்தேழில் முதன்முதலாகப் புறப்பட்டோம். தஞ்சோங் பகாரில் ரயிலேறி, கார்டு பெட்டியில் சைக்கிள்களைப் போட்டு, கோலாலம்பூரில் வண்டி மாறி, தாப்பா ரோடு நிலையத்தில் இறங்கினோம். அங்கிருந்து தாப்பா ஊர் வரைக்கும் சமவெளி. ஊரைத் தாண்டியதும் கேமரன் மலைச் சாலை தொடங்குகிறது. அதற்குப் பிறகு நேரான சாலை என்று ஒரு நூறு அடிகூட நாம் பார்க்கவில்லை.

ஏறுவது எனக்குப் பயமாக இல்லை. வலிதான். தொடை எரியும், கண்ணுக்குள் வியர்வை இறங்கும், ஒவ்வொரு வளைவையும் தாண்டினால் இன்னொரு வளைவு நிற்கும். மூங்கில் காட்டுக்குள் தண்ணீர் விழும் சத்தம் கேட்கும், தண்ணீர் தெரியாது. மூன்றாம் மணி நேரத்தில் காற்றில் குளிர் வந்தது. நீ சைக்கிளை நிறுத்தி, அந்தக் காற்றைக் கையால் தொட்டுப் பார்ப்பதுபோல் விரல்களை நீட்டினாய். ரிங்லெட் ஊரைத் தாண்டினோம். தானா ராத்தாவில் ஒரு கடையில் உட்கார்ந்து, ஸ்வெட்டர் இல்லாமல் நடுங்கிக்கொண்டே சூடான மைலோ குடித்தோம். கிரேனைவிட எவ்வளவு உயரம் என்று நீ கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாய்.

என் பயம் இறங்கும்போது தொடங்கியது. ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் ஒன்றுமே இல்லை. காய்கறி லாரிகள் வளைவில் ஹார்ன் அடித்துக்கொண்டு சாலை முழுவதையும் அடைத்தபடி வரும். பிரேக்கைப் பிடித்துப் பிடித்து என் விரல்கள் மரத்துப்போயின. சக்கர விளிம்பு சூடேறி ரப்பர் தீய்ந்த வாடை வந்தது. பாதி வழியில் இறங்கி, நடந்து வருகிறேன் என்று சொல்லிவிட்டேன். நீ கேலி செய்யவில்லை. "நீ முன்னால போ ஆரோ. மெதுவாப் போ. நான் உன் பின்னாலயே வர்றேன்," என்றாய். ஆரோக்கியசாமி என்ற என் பெயரை அப்படிச் சுருக்கியது நீ ஒருவன்தான். உன் பையிலிருந்து ஒரு வெள்ளைச் சட்டையை எடுத்து என்னைப் போட்டுக்கொள்ளச் சொன்னாய், லாரிக்காரன் கண்ணில் படட்டும் என்று. எனக்குப் பின்னால் நீ காவலாக வருகிறாய் என்ற நினைப்பில்தான் அந்த மலையை இறங்கினேன். அடுத்த ஆண்டும் அப்படித்தான் இறங்கினோம்.

மூன்றாம் ஆண்டு என் பயம் விட்டுப்போயிருந்தது. அதுதான் வினையாயிற்று.

மலையிலிருந்து புறப்பட வேண்டிய அன்று காலை மழை. பதினொரு மணிக்கு நிற்கும் என்று பார்த்தோம், ஒரு மணிக்கும் நிற்கவில்லை. நீ ஜன்னலருகே நின்று, இன்னும் ஓர் இரவு தங்கிப் போகலாம் என்றாய். நாளை மறுநாள் துறை திறக்கிறது, ரயிலைத் தவறவிட்டால் இருவருக்கும் வேலையில் பெயர் கெட்டுவிடும் என்று நான் பிடிவாதம் பிடித்தேன். நீ இரண்டு தடவை சொன்னாய். மூன்றாவது தடவை சொல்லவில்லை. மழை விட்டதும் இரண்டரைக்குக் கிளம்பினோம். வழக்கம்போல் நான் முன்னால், நீ பின்னால். அந்த வெள்ளைச் சட்டை மழையில் நனைந்திருந்ததால் நான் கறுப்பு ஸ்வெட்டரில் இருந்தேன்.

ரிங்லெட் தாண்டியதும் மூடுபனி இறங்கியது. ஈரத்தில் பிரேக் உடனே பிடிக்காது, சக்கரம் இரண்டு சுற்றுச் சுற்றிய பிறகுதான் பிடிக்கும். அந்த இரண்டு சுற்று முன்பென்றால் என்னைக் கொன்றிருக்கும். அன்று என்னவோ அது எனக்கு உற்சாகமாக இருந்தது. ஒரு லாரி மெதுவாக ஊர்ந்தது. அதை முந்தினேன். வளைவு, அடுத்த வளைவு, உடம்பைச் சாய்த்தால் சைக்கிள் தானாகத் திரும்பியது. எவ்வளவு தூரம் அப்படி வந்தேனோ தெரியாது. சாலையோரத்தில் அருவி விழும் இடத்தில் நிறுத்திவிட்டு, நீ வந்ததும் பெருமையடிக்கலாம் என்று காத்திருந்தேன்.

நான் முந்திய லாரி வந்து, என்னைக் கடந்து போயிற்று. நீ வரவில்லை.

பத்து நிமிடம் பார்த்தேன். பிறகு ஏறத் தொடங்கினேன். ஏறும்போது ஒவ்வொரு வளைவிலும் விளிம்பை எட்டிப் பார்த்தேன். அருள் நிறைந்த மரியே என்று ஆரம்பித்து முடிக்க முடியாமல் மறுபடி ஆரம்பித்தேன். சரோஜாவிடம் என்ன சொல்வது என்ற யோசனை அப்போதே வந்துவிட்டது. உன் உயிரைப் பற்றி நினைப்பதற்கு முன்பே அது வந்தது. இதை யாரிடமும் சொன்னதில்லை. மூச்சு முட்டியபோது சைக்கிளைப் பாறையோரம் போட்டுவிட்டு நடந்தேன்.

ஒரு வளைவின் வெளிப்பக்கத்தில், புல்லில் நீ உட்கார்ந்திருந்தாய். ஒரு கை மூங்கில் புதர் ஒன்றைச் சுற்றிப் பிடித்திருந்தது. உன் சைக்கிளின் முன்சக்கரம் விளிம்புக்கு வெளியே காற்றில் நின்றது. முழங்கையிலிருந்து ரத்தம் வழிந்து காய்ந்திருந்தது. மேலே ஏறிக்கொண்டிருந்த லாரியின் இரைச்சலில் என் காலடி உனக்குக் கேட்கவில்லை. உன் வலப்பக்கத்தில், கை நீட்டினால் தொடும் தூரத்தில் வந்து நின்றேன். நீ எதிரே மூடுபனியைப் பார்த்து என்னைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தாய். "ஆரோ... ஆரோ..." உரக்கக்கூட இல்லை. வெகுநேரமாகக் கூப்பிட்டு ஓய்ந்த குரல்.

எனக்குக் குரல் எழவில்லை. கையை மெல்ல அசைத்தேன். நீ திரும்பவில்லை. அடிபட்டுக் கண் போய்விட்டதோ என்றுதான் முதலில் நினைத்தேன். பிறகு நீ, டார்ச் விளக்கைத் திருப்புகிறவன்போல், முகத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பினாய். முகம் என்மேல் வந்து நின்றதும் கண்கள் என்னைப் பிடித்துக்கொண்டன.

"வந்துட்டியா," என்றாய்.

உன்னைச் சாலையின் உட்பக்கத்துக்கு இழுத்து வந்தேன். சைக்கிளை இழுத்தேன். அதற்குப் பிறகுதான் கேட்டேன். நீ எங்கோ பார்த்துக்கொண்டு சொன்னாய்.

"ரெண்டு மூணு வருஷமா இப்படித்தான். நேரா பாத்தா எல்லாம் தெரியும், எழுத்துகூடத் தெரியும். பக்கத்துல ஒண்ணுமே இல்ல. வெளிச்சம் கொறைஞ்சா நேராவும் இல்ல. உன் சட்டையைப் பாத்துத்தான் வருஷா வருஷம் எறங்குனேன்."

உனக்குக் காவல் நான்தான் என்பதை அந்த இடத்தில், அந்த மூடுபனியில் தெரிந்துகொண்டேன். டாக்டரிடம் போனாயா என்று கேட்டேன். போகவில்லை. சரோஜாவுக்குத் தெரியுமா? தெரியாது. அந்தப் பக்கம் எவ்வளவு ஆழம் என்று நீ என்னைக் கேட்டாய். விளிம்பைப் பார்த்தேன். மூங்கில் நுனிகளுக்குக் கீழே வெறும் வெண்மை மட்டும் இருந்தது. சின்னப் பள்ளம்தான், புதர் மண்டிக் கிடக்கிறது என்றேன். நீ சரி என்றாய்.

கீழே போகும் லாரிகள் இரண்டைக் கை காட்டி நிறுத்தப் பார்த்தேன். ஒன்று நிற்கவில்லை, இன்னொன்றில் முட்டைக்கோசு மூட்டைகளுக்கு மேலேயே ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள். பஸ் போய்விட்டிருந்தது. இருட்டுவதற்கு இன்னும் இரண்டரை மணி நேரம். நடந்தால் காட்டுக்குள்ளேயே இருட்டிவிடும். என் சைக்கிளைப் போட்டிருந்த இடம் வரை உன்னை நடத்திவந்து, பையிலிருந்த ஈர வெள்ளைச் சட்டையைப் பிழிந்து ஸ்வெட்டருக்கு மேலே போட்டுக்கொண்டேன். நடக்கிற வேகத்தைவிடக் கொஞ்சம் கூடுதலாக, நான் சொல்லச் சொல்ல வா என்றேன்.

அந்த இறக்கத்தைச் சொல்ல எனக்கு வார்த்தை போதாது. இடது வளைவு என்று கத்துவேன், பின்னாலிருந்து நீ "ம்" என்பாய். பாலம் வருது. ம். லாரி, ஓரமா வா. ம். குழி. ம். அந்த ஒற்றை எழுத்து வருகிற வரைக்கும் அடுத்ததைச் சொல்ல மாட்டேன். திரும்பிப் பார்த்தால் நான் விழுவேன், பார்க்காவிட்டால் நீ இருக்கிறாயா என்று தெரியாது. ஓர் இடத்தில் வலது வளைவு என்றேன், பதில் வரவில்லை. இன்னொரு தடவை சொன்னேன். இல்லை. பிரேக்கைப் பிடித்து, சைக்கிளோடு பாறையில் மோதி நின்றேன். நீ பின்னால் வந்து என் பின்சக்கரத்தில் இடித்தாய். தண்ணீர் குடித்துக்கொண்டே வந்ததாகச் சொன்னாய். வாழ்க்கையில் முதல் தடவையாக உன்னை அடிக்கக் கையை ஓங்கினேன். நீ அதையும் பார்க்கவில்லை.

கீழே சாலை காய்ந்திருந்தது. ரப்பர் வாடை ஏறியது. இருபத்தைந்து கிலோமீட்டர் அந்த வாடையிலேயே வந்தோம். தாப்பா ஊரின் முதல் கடை விளக்குகள் தெரிந்தபோது என் கை பிரேக்கிலிருந்து பிரியவில்லை. நீதான் ஒவ்வொரு விரலாக எடுத்துவிட்டாய்.

ரயிலில் நீ என்னிடம் சத்தியம் வாங்கினாய். மகள் இப்போதுதான் பள்ளிக்கூடம் போகத் தொடங்கியிருக்கிறாள், கிரேன் போனால் உனக்கு வேறு தொழில் தெரியாது என்றாய். "கிரேன்ல நேராத்தானடா பாக்கணும். நீ கீழ நிக்கிறே. உன்னை மட்டும் பாத்தாப் போதும் எனக்கு." நான் தலையசைத்தேன். நீ காத்திருந்தாய். பிறகு வாயால் சொன்னேன், சொல்ல மாட்டேன் என்று.

அடுத்த எட்டு மாதங்களை எப்படிக் கழித்தேன் என்று உனக்குத் தெரியாது. மலையில் பட்ட பயம் ஒரு பகல் பயம். துறையில் பட்டது காலை ஏழு மணிக்குத் தொடங்கி மாலை வரை நீளும். நீ கிரேன் கூண்டுக்குள் ஏறியதும் உன் கண்ணுக்கு நேராக நான் நகர்ந்து நகர்ந்து நிற்பேன். மேகம் கறுத்தால் கையை இன்னும் உயர்த்திக் காட்டுவேன். இரும்பு தொங்கும் பாதையில் யார் வந்தாலும் கத்தி விரட்டுவேன். ஆரோக்கியத்துக்குத் தலை சரியில்லை என்று மற்றவர்கள் பேசிக்கொண்டார்கள். என் மனைவி, நான் தூக்கத்தில் இடது வளைவு, வலது வளைவு என்று உளறுவதாகச் சொன்னாள். பாவசங்கீர்த்தனத்தில்கூட இதைச் சொல்லவில்லை. சொன்னால் சாமியார் சொல்லப்போகும் பதில் எனக்கு முன்பே தெரியும்.

அக்டோபரில் ஒரு பிற்பகல். கப்பலின் பக்கவாட்டில் சாரம் கட்டி, ஹசன் வெல்டிங் செய்துகொண்டிருந்தான். நான்கு பிள்ளைகள் உள்ளவன், நோன்புப் பெருநாளுக்கு நம் இருவர் வீட்டுக்கும் பலகாரம் அனுப்புகிறவன். ஒரு தகடு காற்றில் சுழன்று சாரத்தின் பக்கம் போயிற்று. வேறு எந்தக் கிரேன்காரனும் கண்ணோரத்தில் பார்த்து நிறுத்தியிருப்பான். நீ என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாய். நான் இரண்டு கைகளையும் விரித்து நிறுத்தச் சொன்னேன், நீ உடனே நிறுத்தினாய். தகடு ஹசனின் முதுகுக்குப் பின்னால் ஒரு சாண் தூரத்தில் அசைந்து நின்றது. அவன் திரும்பிப் பார்த்து, முகமூடியைத் தூக்கி, சிரித்தான். எல்லாரும் சிரித்தார்கள். நான் கழிப்பறைக்குப் போய் வாந்தி எடுத்தேன்.

அன்று மாலை நான்காவது மாடிக்கு வந்தேன். சரோஜா சமையலறையில் இருந்ததால் நடைவழியில் நின்று பேசினோம். வெள்ளிக்கிழமைக்குள் நீயே போர்மேனிடம் போய்ச் சொல்லிவிடு என்றேன். நீ என் முகத்தை நேராகப் பார்த்தாய்.

"நீ சொல்ல மாட்டே ஆரோ. எனக்குத் தெரியும்லா."

நான் சொல்லமாட்டேன் என்பது உண்மைதான். எனக்கு அந்தத் துணிச்சல் கிடையாது. வெள்ளிக்கிழமை காலை நீ வழக்கம்போல் ஏணியில் ஏறினாய். நான் கொக்கியை மாட்டினேன். பிறகு கூண்டுக்கு நேராகப் போய் நின்று, கைகளைக் கட்டிக்கொண்டேன்.

சைகை இல்லாமல் கிரேன் அசையக்கூடாது. அது துறையின் சட்டம். நீ காத்திருந்தாய். நான் அசையவில்லை. போர்மேன் வந்து மலாயில் என்ன சங்கதி என்று கேட்டார், பிறகு கத்தினார், பிறகு என் தோளைப் பிடித்து உலுக்கினார். கப்பலின் மேல்தளத்திலிருந்து ஆட்கள் எட்டிப் பார்த்தார்கள். என் கால்கள் நடுங்கியதை எல்லாரும் பார்த்திருப்பார்கள். உனக்கு மட்டும் கட்டிய கைகள் நன்றாகத் தெரிந்திருக்கும், நேராகத்தான் நின்றேன். கால் மணி நேரம் இருக்கும். கூண்டுக் கதவு திறந்தது. நீ காலால் ஒவ்வொரு படியாகத் தடவித் தடவி இறங்கினாய். அதுவரை நீ இறங்குவதை நான் கவனித்துப் பார்த்ததேயில்லை. என்னைத் தாண்டிப் போனாய். போர்மேனிடம் நீயே சொன்னாய்.

பரிசோதனை செய்த டாக்டர், பிறவியிலேயே வந்தது, மெதுவாக மூடிக்கொண்டு வரும், மருந்து கிடையாது என்றார். உன்னைக் கருவிகள் வைக்கும் கிடங்குக்கு மாற்றினார்கள். நீ என்னிடம் பேசுவதை நிறுத்தினாய். லிஃப்டில் நான் இருப்பது குரலில் தெரிந்தால் அடுத்த லிஃப்டுக்கு நிற்பாய். நான் குரல் கொடுக்காமல் நிற்கப் பழகினேன். அது அதைவிடப் பாவம்.

சரோஜா ஒருநாள் மேலே வந்தாள். அவள் திட்டப்போகிறாள் என்று தெரிந்து என் மனைவி பிள்ளைகளை உள்ளே அனுப்பினாள். திட்டத்தான் செய்தாள், ஆனால் நான் நினைத்ததற்கு இல்லை.

"எட்டு மாசமா தெரிஞ்சுகிட்டு சும்மா இருந்திருக்கீங்க அண்ணே. தினம் அவரை வேலைக்கு அனுப்பி வச்சேனே நான். எனக்குச் சொல்லியிருக்க வேணாமா?"

நான் சத்தியம் செய்து கொடுத்ததைச் சொன்னேன். அவள் காதில் வாங்கவில்லை. ஹசனின் மனைவியிடம் போய் அந்தச் சத்தியத்தைச் சொல்லிப்பாருங்கள் என்றாள். பதிலுக்குக் காத்திராமல் போய்விட்டாள்.

ஒன்றரை வருடம் கழித்து, ஒரு ஞாயிறு பூசை முடிந்து வெளியே வந்தபோது கோயில் வாசலில் நீ நின்றிருந்தாய், சரோஜாவின் தோளில் ஒரு கை வைத்து. வெளியே வருகிறவர்கள் உன்னைச் சுற்றிக்கொண்டு போனார்கள். நான் முன்னால் வந்து நின்றேன். நீ தேடினாய். நான் பெயரைச் சொன்னேன், என் பெயரை நானே, ஆரோ என்று. தோசை சாப்பிடப் போகலாமா என்று கேட்டாய். மூவரும் தேக்காவுக்கு நடந்தோம். கிரேன் பற்றி யாரும் பேசவில்லை. சாப்பிட்டு முடித்துக் கை கழுவும்போது, அன்றைக்கு நான் கையைக் கட்டிக்கொண்டு நின்றபோது உனக்கு முதலில் நிம்மதியாகத்தான் இருந்தது, அதற்குப் பிறகுதான் கோபம் வந்தது என்றாய்.

எண்பத்து நான்கில் மறுபடி கேமரன் மலைக்குப் போனோம். இம்முறை பஸ்ஸில், இரண்டு குடும்பமும். மனைவிமார் தானா ராத்தாவில் பூச்செடி பார்க்கப் போனார்கள். நீ விழுந்த இடத்துக்குக் கூட்டிப்போகச் சொன்னாய். எனக்குப் போக மனமில்லை. வாடகைக் கார் பிடித்துப் போனோம். மூங்கில் புதர் இன்னும் பெருத்திருந்தது. என் தோளில் உன் கை. விளிம்பிலிருந்து நாலடி தள்ளியே நிறுத்திவிட்டேன். அன்று வெயில் அடித்தது, மூடுபனி இல்லை. முதல் தடவையாக அந்தப் பள்ளத்தை முழுதாகப் பார்த்தேன். உச்சி மரங்கள் கீரைப் பாத்திபோல் கீழே தெரிந்தன.

ஒரு பொய் சொல்லியிருக்கிறேன் என்று ஆரம்பித்தேன். இது சின்னப் பள்ளம் இல்லை.

"தெரியும்," என்றாய். "நீ வர்றதுக்கு முன்னால ஒரு கல்லைத் தள்ளிவிட்டுப் பாத்தேன். சத்தமே வரல."

அப்படியானால் நீ அந்தப் புல்லில் உட்கார்ந்திருந்த நேரமெல்லாம் அது உனக்குத் தெரியும். எந்தப் பக்கம் நகர்ந்தால் சாலை, எந்தப் பக்கம் நகர்ந்தால் அந்தச் சத்தமில்லாத இடம் என்று உறுதியில்லாமல், ஒரு கையால் மூங்கிலைப் பிடித்துக்கொண்டு என் பெயரைக் கூப்பிட்டிருக்கிறாய். ஏன் அசையாமல் இருந்தாய் என்று கேட்டேன். நான் வருவேன் என்று உனக்குத் தெரியும் எனச் சொல்வாய் என்று எதிர்பார்த்தேன். நீ அப்படிச் சொல்லவில்லை. பயத்தில் உடம்பு கட்டையாகிவிட்டது, அதனால்தான் பிழைத்தேன் என்றாய். காருக்குத் திரும்பும்போது இருவரும் ஒருவர் கையை ஒருவர் விடவில்லை. டிரைவர் கண்ணாடியில் பார்த்துக்கொண்டே வந்தார்.

அதன் பிறகு நீ முப்பது ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்தாய். மகளுக்குக் கல்யாணம் செய்தாய், பேரனுக்கு மவுண்ட் ஃபேபரில் சைக்கிள் கற்றுக்கொடுக்கும்படி என்னை நச்சரித்தாய். கடைசிப் பத்து வருடம் வெளிச்சமும் இருட்டும் மட்டும்தான் உனக்குத் தெரிந்தன. அந்த வருடங்களில் ஒரு தடவைகூட உன் அருகில் நான் சத்தமில்லாமல் வந்து நின்றதில்லை. அறைக்குள் நுழைவதற்கு முன்பே பேசத் தொடங்கிவிடுவேன். ஆஸ்பத்திரியில், உனக்கு நினைவு தப்பிய பிறகும், திரைக்கு வெளியிலிருந்தே பேசிக்கொண்டு வந்தேன். தாதி என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள்.

நீ என்னிடம் விட்டுப்போனது தைரியம் என்று சொல்ல மாட்டேன். நான் இன்றைக்கும் பயந்தவன்தான். போன மாதம் மருந்து வாங்கப் போகும்போது என் வலக் காதில் பஸ் வரும் சத்தம் கேட்கவில்லை. யாரோ முழங்கையைப் பிடித்து இழுத்தார்கள். வீட்டுக்கு வந்து வெகுநேரம் நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். சொன்னால் தனியாக வெளியே விடமாட்டார்கள், தேக்கா போய்விடும், ஞாயிற்றுக்கிழமை போய்விடும் என்று ஒவ்வொன்றாக எண்ணினேன். நீ ரயிலில் சொன்ன காரணங்கள் எல்லாம் எவ்வளவு நியாயமானவை என்று அப்போதுதான் புரிந்தது. மாலை என் மகள் வேலையிலிருந்து வந்தாள். செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தாள். அவள் நிமிர்வதற்குள் சொல்லிவிட்டேன்.